நூற்றுக்கு நாற்பத்தொருவர்

ஸ்ரீரங்கம்
விசுவாவசு, புரட்டாசி 5, ஞாயிறு

சௌபாக்கியவதி பாமாவுக்கு,

பெருமாள் திருவருளால் உன் வலி சற்றேனும் தணிந்திருக்க வேண்டுமென்ற பிரார்த்தனையோடு எழுதுகிறேன்.

நேற்று மாலை ஜாஹ்னவி வீட்டுத் தொலைபேசியில் அழைத்தாள். உன் தமக்கை மகள் எவ்வளவு உரக்கப் பேசியும் என் செவிக்கு எட்டியது மதகு திறந்த ஓசை மட்டுமே. கைப்பேசி நம் அகத்தில் உன்னுடையது ஒன்றுதான். அது உன்னோடு பாலம் கடந்துவிட்டது. நல்ல வேளையாக ஆட்டோ இம்தியாஸ் உன்னை விசாரிக்க வந்திருந்தான். அவன் கேட்டு, கேட்டதைப் பஞ்சாங்கத்தின் ஓரத்தில் எழுதிக் காட்டினான். இடுப்பெலும்பு முறிந்திருக்கிறது. இதயத்துக்காக நீ உட்கொள்ளும், இரத்தத்தை இளக்கும் மாத்திரையின் வீரியம் குறைய வேண்டும். வியாழக்கிழமைக்கு முன் அறுவைச் சிகிச்சை இயலாது.

ஆகவே இனி நாம் எழுதித்தான் பேச வேண்டும். மருத்துவமனைச் சோற்றை நீ தொடமாட்டாய். காலையும் மாலையும் நானே தளிகை செய்து இம்தியாஸ் கையில் கொடுத்தனுப்புகிறேன். கேரியரோடு கடிதமும் வரும். வெறும் கேரியரோடு உன் பதில் வரட்டும்.

இன்று மஹாளய அமாவாசை. அம்மா மண்டபத்தில் கால் வைக்க இடமில்லை. தர்ப்பணம் செய்கையில் எதிர்க்கரையைப் பார்த்தபடி இருந்தேன். நீ இருக்கும் கட்டடம் எந்தத் திக்கில் என்றுகூட எனக்கு உறுதியில்லை. மந்திரம் இரண்டு இடத்தில் தடுமாறிற்று. வாத்தியார் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

நேற்று ஆம்புலன்ஸ் மாம்பழச்சாலை முனையில், பாலம் தொடங்குமிடத்தில் நின்றபோது, நான் இறங்கிக்கொண்டதை நீ அறிந்திருக்கமாட்டாய். ஊசியின் மயக்கத்தில் கண்மூடியிருந்தாய். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் நாமிருவரும் க்ஷேத்திர ஸந்நியாஸம் மேற்கொண்டோம். இவ்விரு நதிகளுக்கு நடுவிலேயே வாழ்ந்து இங்கேயே சரீரத்தை விடுவதென்று பெரிய பெருமாளுக்கு வாக்குக் கொடுத்தோம். உன்னைக் கொண்டுபோனவர்கள் பிறர். ஆதலால் உன் வாக்குக்குப் பங்கமில்லை. நான் என் விருப்பத்தால் கடந்தால் அது வேறு. நீ புரிந்துகொள்வாய்.

மிளகுச் சாத்தமுதில் உப்புச் சற்றுத் தூக்கலாக இருக்கலாம்.

சௌரிராஜன்


திருச்சிராப்பள்ளி
ஞாயிறு மாலை

நமஸ்காரம்.

கண்தான் மூடியிருந்தது. “பெருமாள் பார்த்துப்பார், பாமா” என்று நீங்கள் சொன்னது கேட்டது. கதவு சாத்தியது கேட்டது. வண்டி மறுபடி கிளம்பியதும் கேட்டது. அதற்குமேல் அதைப் பற்றி இப்போது எழுதப்போவதில்லை.

சாத்தமுதில் உப்புத் தூக்கல் இல்லை. உப்பே இல்லை. இரண்டு தடவை போட்டுவிட்டோமோ என்று கவலைப்பட்டுக்கொண்டே ஒரு தடவையும் போடாமல் விட்டிருப்பீர்கள்.

காலில் எடை கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். அசையாதவரை வலி பொறுக்கக்கூடியதாக இருக்கிறது. பெரிய டாக்டர் கிளமென்ட் காலையில் வந்தார். பேச்சில் சிக்கனமானவர். “ஆபரேஷன் பண்ணித்தாங்க ஆகணும். படுத்தே இருந்தா நெஞ்சுல சளி கட்டும், முதுகு புண்ணாகும்” என்றார். செய்தால் பிழைப்பேனா என்று கேட்டேன். அவர் தம் உதவி மருத்துவர் ஜெஸ்லினைத் திரும்பிப் பார்த்தார். இருபத்தெட்டு வயதிருக்கும் அந்தப் பெண்ணுக்கு, கையில் மடிக்கணினி.

அவள் விளக்கியதை எழுதுகிறேன். இதே முறிவோடு வந்த பல்லாயிரம் பேருடைய வயது, இதய நிலை, இரத்தப் பரிசோதனை, முன்பு எப்படி நடந்தார்கள், ஆபரேஷனுக்குப் பின் என்ன ஆனார்கள் என்பதையெல்லாம் கணினிக்குக் கொடுத்திருக்கிறார்கள். யார் தேறினார், யார் தேறவில்லை என்பதிலிருந்து அது தானாகவே ஒரு போக்கைக் கற்றுக்கொண்டு, புதிதாக வருகிறவருக்கு என்ன நேரலாம் என்று முன்கூட்டிச் சொல்கிறது. நான் வந்து சேர்ந்த சனிக்கிழமையே எனக்கும் சொல்லியிருக்கிறது. “அது எங்களுக்கு ஒரு உதவிக்குத்தான் டீச்சர், முடிவெல்லாம் இல்ல” என்று மழுப்பினாள். ஆயுள் முழுக்கக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவளிடம் விடையை ஒளிக்கலாமா என்று கேட்டேன். அப்புறம்தான் வாய் திறந்தாள்.

என்னைப் போன்றவர்களில் ஒரு வருஷத்துக்குள் நூற்றுக்கு நாற்பத்தொருவர் இறக்கிறார்கள். பிறர் துணையின்றி மறுபடி நடக்கிறவர்கள் நூற்றுக்குப் பதினொருவர்.

மறைத்தால் ஜாஹ்னவி வழியாக உங்களுக்குத் தெரிந்து, மறைத்தேனே என்று வருந்துவீர்கள். எனவே எழுதிவிட்டேன். ஒப்புதல் தாள் ஒன்றையும் கேரியரோடு அனுப்பியிருக்கிறேன். வீட்டார் கையெழுத்தும் இருந்தால் நல்லது என்கிறார்கள்.

பாமா


ஸ்ரீரங்கம்
புரட்டாசி 6, திங்கள்

சௌ. பாமாவுக்கு,

உன் கடிதத்தை விளக்கு வைத்தபின் ஒருமுறை படித்தேன். காலையில் தீர்த்தமாடிவிட்டு வந்து மறுபடியும் படித்தேன். ஒப்புதல் தாள் நம் அகத்துப் பெருமாள் ஸந்நிதியில் இருக்கிறது. கையெழுத்திடவில்லை.

நாற்பத்தொருவர் என்பதை ஒரு மனிதர் சொல்லியிருந்தால் மறுத்துரைக்கலாம். மருத்துவருக்குக் கத்தியின்மேல் பற்று இருக்கலாம். உறவினருக்கு அச்சம் இருக்கலாம். விருப்பும் வெறுப்பும் இல்லாத ஒன்று, ஆயிரமாயிரம் உடல்களின் முடிவைப் பார்த்துவிட்டுச் சொல்கிறது. பற்றற்ற ஓரிடத்திலிருந்து வரும் வாக்கை நம் முன்னோர் அசரீரி என்றார்கள். இதை நான் அப்படித்தான் கொள்கிறேன். இது எச்சரிக்கை மட்டுமன்று; அனுக்கிரகமும்கூட. எங்கே இருக்க வேண்டும் என்பதை நாம் தீர்மானிக்க நமக்குச் சில நாள் கொடுத்திருக்கிறது.

பாமா, திரும்பி வந்துவிடு.

கூடத்தில் கட்டில் போட்டு வைத்திருக்கிறேன். தலைமாட்டில் சாளரம். தாயாருக்கு நவராத்திரி உத்ஸவம் தொடங்குகிறது. நாகஸ்வர ஒலி கட்டில்வரை வரும். என் செவிக்கு எட்டாது, உனக்கு எட்டும். நான் பக்கத்திலேயே அமர்ந்து பாசுரங்களைச் சேவித்துக்கொண்டிருப்பேன். பெருமாள் வைத்த நாள்வரை இருப்போம். எனக்குச் சாவிடம் அச்சமில்லை. அந்நியக் கரையில், பெயர் தெரியாத ஓர் அறையில், விளக்கின்கீழ் உன் பிராணன் போகுமோ என்பதே என் அச்சம். அப்படி ஒன்று நேர்ந்தால் இந்தப் பன்னிரண்டு ஆண்டும் எதற்காக என்று பெருமாளை நான் கேட்க நேரும். அப்படிக் கேட்கும் நிலைக்கு என்னைத் தள்ளிவிடாதே.

இன்று காலைக் கோஷ்டியில் எனக்குப் பாசுரத்தின் அடுத்த அடி மறந்துபோயிற்று. பக்கத்திலிருந்தவர்கள் எடுத்துக்கொண்டார்கள். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. அந்த மரியாதையைத்தான் தாங்க முடியவில்லை.

உப்பை இம்முறை சரிபார்த்தேன்.

சௌரிராஜன்


திருச்சிராப்பள்ளி
திங்கள் மாலை

நமஸ்காரம்.

நாற்பத்தொருவரைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். மீதி ஐம்பத்தொன்பது பேரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. என் வகுப்பில் யாராவது இப்படி விடை எழுதியிருந்தால் பாதி மதிப்பெண்ணை வெட்டியிருப்பேன்.

ஆபரேஷன் வேண்டாமென்று அழைத்துப்போனால் அப்போது நூற்றுக்கு எத்தனை என்று டாக்டர் கிளமென்ட்டிடம் கேட்டேன். அவர் எண் எதுவும் சொல்லவில்லை. “டீச்சர், அந்தக் கணக்கு நான் போட்டுப் பாத்ததில்ல. பாத்த பேஷன்ட்ங்க இருக்காங்க. அதப் பத்திப் பேச வேணாம்” என்றார். கூடத்துக் கட்டிலும் சாளரமும் நன்றாகத்தான் இருக்கின்றன. அந்தக் கட்டிலில் புரண்டு படுக்கக்கூட என்னால் முடியாது என்பதை நினைத்தீர்களா? என்னைத் தூக்கித் துடைக்க எழுபத்தெட்டு வயதில் உங்களால் ஆகுமா?

அசரீரி என்றால் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். இது என் பெயரைக் கேட்கவே இல்லை. நூறு பேர் நிற்கும் வரிசையில் என்னையும் ஒருத்தியாக நிறுத்தியிருக்கிறது, அவ்வளவுதான்.

இன்னொன்றும் எழுத வேண்டும். நேற்றே எழுதியிருப்பேன், கை வரவில்லை. நாமிருவரும் வாக்குக் கொடுத்தோம் என்கிறீர்கள். நடந்தது என்னவென்றால், இதே மருத்துவமனையில் என் இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்து, நான் இனி எழுவேனோ மாட்டேனோ என்றிருந்து, ஒருவழியாக வீடு திரும்பிய சில மாதத்தில், உங்களுக்கு இந்தச் சிந்தனை வந்தது. படித்துறையில் நீங்கள் நீரில் இறங்கினீர்கள். நானும் இறங்கினேன். என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சரியென்றே சொல்லியிருப்பேன். அந்தத் தீவில் எனக்கு ஒரு குறையும் இருந்ததில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் கேட்கவில்லை.

இப்போதும் திரும்பி வா என்கிறீர்கள். வருகிறாயா என்று கேட்கவில்லை.

எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. பக்கத்துக் கட்டிலில் இருதயமேரி என்றொரு அம்மாள், இதே முறிவு. அவருடைய கணவர் நாள் முழுக்க ஸ்டூலில் உட்கார்ந்து, அவர் காலைப் பிடிக்கிறேன் பேர்வழி என்று தூங்கி வழிகிறார். “எழுப்பிவிடாதீங்க டீச்சர், முழிச்சிருந்தா அறிவுரை சொல்லுவாரு” என்கிறார் அந்த அம்மாள். சிரித்தேன். சிரித்தால் இடுப்பு வலிக்கிறது.

பாமா


ஸ்ரீரங்கம்
புரட்டாசி 7, செவ்வாய்

சௌ. பாமாவுக்கு,

உன் கடிதம் கண்டேன்.

ஐம்பத்தாறு ஆண்டு இல்லறத்தில் நான் உன்னிடம் கேளாமல் செய்தவற்றை எண்ணிப் பார்க்கச் சொல்கிறாய் என்று கொள்கிறேன். ஸ்திரீகளுக்குத் தனியே ஸங்கல்பம் வேண்டுவதில்லை, பதியோடு சேர்ந்தது என்பது சாஸ்திரம். நான் சாஸ்திரத்தை எழுதியவன் அல்லன். இதற்குமேல் எழுதினால் சினம் கலக்கும்; நோயாளிக்குச் சினத்தோடு எழுதலாகாது.

தாள் இன்னும் ஸந்நிதியில்தான் இருக்கிறது.

இன்று தயிர்சாதம் மட்டும்.

சௌரிராஜன்


திருச்சிராப்பள்ளி
செவ்வாய் மாலை

நமஸ்காரம்.

தயிர்சாதம் நன்றாக இருந்தது. கோபத்தில் பிசைந்ததால் நன்றாக மசிந்திருக்கிறது.

சாஸ்திரத்தை விட்டுவிடுகிறேன். இன்று நடந்ததைச் சொல்ல வேண்டும். கடைசிவரை படியுங்கள்.

இரண்டு நாளாக அந்தப் பதினொருவர் என் மனத்தில் உறுத்திக்கொண்டே இருந்தார்கள். துணையின்றி நடக்கிறவர்கள் நூற்றுக்குப் பதினொருவர்தாம் என்றால், விழுவதற்கு முந்தின நாள்வரை உத்தர வீதி நான்கையும் காய்கறிப் பையோடு இரண்டு சுற்றுச் சுற்றிவந்த நான் எந்த நூறு பேரோடு நிற்கிறேன்? ஜெஸ்லின் இரத்த அழுத்தம் பார்க்க வந்தபோது, யாரை வைத்து இந்தக் கணக்குப் போட்டாய் என்று கேட்டேன். உங்களை வைத்துத்தான் என்றாள். அதில் என்ன எழுதியிருக்கிறது, படி என்றேன். தயங்கினாள். பிறகு கட்டிலில் உட்கார்ந்து படித்தாள்.

இதயம் பாதி வேகத்துக்கும் குறைவாக இயங்குகிறது. எடை முப்பத்தொன்பது கிலோ. இரண்டு பேர் தாங்கினால் நடப்பார். வீட்டுக்குள்ளேயே இருப்பார்.

“இது யாரும்மா?” என்றேன்.

“நீங்கதான் டீச்சர். உங்க பழைய ஃபைல்…” என்று சொல்லிக்கொண்டே போனவள் பாதியில் நிறுத்திவிட்டாள். மேலும் கீழுமாகத் தேடினாள். முகம் மாறிவிட்டது. “பன்னண்டு வருஷத்துக்கு முந்தினது. அதுக்கப்புறம் ஒண்ணுமே இல்லையே. நடுவுல எங்க இருந்தீங்க?”

“ஸ்ரீரங்கத்துல.”

“அது இதோ பாலத்துக்கு அந்தப் பக்கம்தானே டீச்சர்?”

அந்தப் பக்கத்துக்கும் இந்தப் பக்கத்துக்கும் எவ்வளவு தூரம் என்று அவளுக்கு எப்படிச் சொல்வேன். விரதத்தைப் பற்றிச் சொன்னேன். நம் தெரு டாக்டரிடமே மாத்திரை வாங்கிக்கொண்டு, சோதனைக்குக்கூட ஆற்றைத் தாண்டாமல் இருந்தோம் என்றேன். புதிய விவரம் இல்லாத இடங்களில் கடைசியாகத் தெரிந்ததை எடுத்துக்கொள்ளும்படி அந்தக் கணினியைப் பழக்கியிருக்கிறார்களாம். சனிக்கிழமை புதிய இதயப் பரிசோதனை ஆகவில்லை. நடையைப் பற்றி என்னை யாரும் கேட்கவில்லை. ஆகவே அது எடுத்துக்கொண்டது ஸ்டென்ட் வைத்துப் படுத்திருந்த என்னை. நீங்கள் அசரீரி என்று கொண்டாடியது, பன்னிரண்டு வருஷத்துக்கு முன் செத்துப் பிழைத்த ஒருத்தியைப் பற்றிய வாக்கு.

அவள் கண்ணில் நீர் வந்துவிட்டது. தப்பு என்னுடையது, சரிபார்த்திருக்க வேண்டும் என்றாள். டாக்டர் கிளமென்ட்டை அழைத்துவந்து என் முன்னாலேயே சொன்னாள். அவர் திட்டவில்லை. “இனி ஃபைல் எந்த வருஷத்துதுன்னு பாக்காம ரன் பண்ணாதே” என்றார். நேற்று எடுத்த இதயப் பரிசோதனை, இப்போதைய எடை, நடை எல்லாவற்றையும் கொடுத்து மறுபடி கேட்டார்கள்.

இறப்பவர்கள் நூற்றுக்குப் பதினாறு. துணையின்றி நடப்பவர்கள் நூற்றுக்கு ஐம்பத்துநான்கு.

பதினாறும் சிறிய எண் இல்லை, தெரியும். நாளை நானே கையெழுத்திடப்போகிறேன். நோயாளிக்குச் சுயநினைவு இருந்தால் அது போதுமாம். கேட்காமல் செய்தேன் என்று இருக்க வேண்டாமென்று முன்னாலேயே எழுதுகிறேன்.

பாமா


ஸ்ரீரங்கம்
புரட்டாசி 8, புதன்

பாமா,

கையெழுத்திட்ட தாளை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். உனக்குத் தேவைப்படாது என்பதை அறிவேன். ஆயினும் இரண்டு கையெழுத்தும் இருக்கட்டும்.

பதினாறு என்னை ஓரிடத்தில் இருக்கவிடவில்லை. உட்கார்ந்தால் எழச் சொல்கிறது. எழுந்தால் எங்கே என்று கேட்கிறது. ஜபத்தில் அமர்ந்தேன், விரல் கணுக்களை எண்ணியது, மனம் எண்ணவில்லை. தளிகையறையில் பருப்புக் கருகியதை அடுத்த அகத்தார் வந்து சொல்லும்வரை அறியவில்லை. இன்று உனக்கு இட்டிலி கடையிலிருந்து வருகிறது. மன்னித்துக்கொள்.

காலையில் பையை எடுத்துக்கொண்டு உத்தர வீதியைச் சுற்றப் போனேன். நீ நாள்தோறும் சுற்றுவதை அறிவேன். அது எவ்வளவு தொலைவு என்பதை இன்றுதான் என் கால் அறிந்தது. ஒரு சுற்று முடியுமுன் மூன்று இடத்தில் உட்கார்ந்தேன். பூக்கடைச் சந்திரம்மாள் என் செவிக்கும் எட்டும்படி கூவினாள். “டீச்சரம்மா பின்னாடி நடந்தா எங்களுக்கே மூச்சு வாங்கும் சாமி. அவங்களையா படுக்க வெச்சுட்டீங்க?” நான் ஒரு முழம் பூக் கேட்டேன். அவள் பூவுக்குக் காசு வாங்கவில்லை.

அந்தக் கருவிக்குத் தெரியாத பாமாவை இந்த வீதியில் எல்லோரும் அறிந்திருக்கிறார்கள். நானும் அறிவேன். அறிந்திருந்தும் நாற்பத்தொன்று என்றவுடன் அதை நம்பினேன். ஏன் நம்பினேன் என்று தேடிக்கொண்டிருக்கிறேன்.

நாளை எத்தனை மணிக்கு?

சௌரிராஜன்


திருச்சிராப்பள்ளி
புதன் மாலை

நமஸ்காரம்.

நாளைக் காலை பத்து மணிக்கு. முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மட்டும் மரத்துப்போகச் செய்வார்களாம். மனத்துக்குள் ஸ்லோகம் சொல்லிக்கொண்டிருக்கலாமா என்று கேட்டேன். சத்தமாகவே சொல்லுங்க, சுத்தியல் சத்தத்துக்கு அது தேவலை என்றார் டாக்டர் கிளமென்ட். அவருக்கு நகைச்சுவை உண்டென்பது இன்றுதான் தெரிந்தது.

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு, நீங்கள் என்ன செய்ய நினைக்கிறீர்கள் என்று ஊகித்தேன். ஊகம் தவறாக இருந்தால் இந்தப் பத்தியை விட்டுவிடுங்கள். வர வேண்டாம். எனக்காக விரதத்தை விட்டுவிட்டு, நாளை எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் இரண்டையும் இழந்தவராக நிற்பீர்கள். ஒன்றும் ஆகாவிட்டாலும், ஒவ்வோர் ஏகாதசியும் அதை நினைப்பீர்கள். நான் அதை உங்கள் முகத்தில் பார்ப்பேன். புது இடுப்போடு அந்தச் சுமையையும் தூக்க என்னால் ஆகாது. திங்கட்கிழமை மனம் கசந்து எழுதியதெல்லாம் உண்மைதான். இதுவும் உண்மை.

ஜெஸ்லின் இப்போது அடிக்கடி வருகிறாள். பதினாறு இன்னும் குறையுமா என்று கேட்டேன். ஆபரேஷன் முடிந்த மறுநாளே எழுந்து நிற்க வேண்டும், வலிக்கிறதென்று படுத்துவிடக் கூடாது, பிடிவாதம் பிடித்து நிற்க வைக்கிற ஆள் பக்கத்தில் இருந்தால் பாதிக் கவலை போகும் என்றாள். பக்கத்தில் யார் நிற்கிறார் என்பதையும் கணினியிடம் சொன்னாயா என்றேன்.

“அதுக்கு எடமில்ல டீச்சர். அத யாரும் எழுதி வைக்கறதில்ல. எழுதியிருந்தா அதையும் கத்துட்டிருக்கும்” என்றாள்.

ஜாஹ்னவி இருக்கிறாள். அவள் போதும்.

கடை இட்டிலியில் உப்பு சரியாக இருந்தது.

பாமா


திருச்சிராப்பள்ளி
மருத்துவமனைக் கீழ்த்தளம்
புரட்டாசி 9, வியாழன்

பாமா,

இதை எழுதும்போது நீ உள்ளே இருக்கிறாய். கதவின்மேல் சிவப்பு விளக்கு எரிகிறது என்று ஜாஹ்னவி தாளில் எழுதிக் காட்டிவிட்டு மேலே போனாள். ஒருவருக்குத்தான் அனுமதி. நான் கீழே, மருந்துக் கடைக்கு எதிர்ப் பலகையில் இருக்கிறேன். நம் அகத்துப் பெருமாளைச் சம்புடத்தில் எழுந்தருளப்பண்ணி மடியில் வைத்திருக்கிறேன். திருவாராதனம் தவறக்கூடாதல்லவா. கூட்டத்தில் ஒருவர் இனிப்புப் பெட்டி என்றெண்ணி விலை கேட்டார்.

வர வேண்டாமென்று நீ எழுதியதைப் படித்தேன். மீறினேன். ஆனால் இம்முறை என்னை நானே கேட்டுக்கொண்டு மீறினேன்.

பெரியவர்கள் யாரிடமாவது போய், இத்தகைய ஆபத்தில் கடக்கலாமா என்று கேட்டிருக்கலாம். கடக்கலாம் என்றால் அவர் சொன்னார் என்று வந்திருப்பேன்; கூடாது என்றால் அவர் சொன்னார் என்று இருந்திருப்பேன். எவ்விதத்திலும் நான் செய்ததாக இராது. ஆகையால் கேட்கவில்லை.

நாற்பத்தொன்றை ஏன் நம்பினேன் என்பதை நேற்று எழுதாமல் விட்டேன். இன்று எழுதுகிறேன். அது எனக்கு வசதியாக இருந்தது. பெருமாள் தீர்மானித்துவிட்டார், நான் செய்வதற்கு ஒன்றுமில்லை என்றால், ஆற்றின் அக்கரையில் கைகூப்பி இருந்துவிடலாம். அதைச் சரணாகதி என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ளலாம். பதினாறு வந்ததும் அந்த வசதி போயிற்று. பதினாறு என்றால் ஒருவன் போய்ப் பக்கத்தில் நிற்க இடமிருக்கிறது. நின்றால் குறையலாம், நிற்காவிட்டால் கூடலாம் என்றபின், பாலத்தின் அந்த முனையில் நான் காத்துக்கொண்டிருந்தது வாக்கையா, என் நிம்மதியையா என்று தெரியவில்லை. இப்போதும் முழுதும் தெரியவில்லை. வாக்கை மீறியது அபசாரமே. அதற்கு மன்னிப்பை நான் கேட்டுக்கொள்கிறேன். அதில் உனக்குப் பங்கில்லை. என் முகத்தில் அதை நீ காண நேர்ந்தால், “வந்தது யார்” என்று என்னைக் கேள்.

இம்தியாஸ் மாம்பழச்சாலை முனையில் தானாகவே வண்டியை ஓரங்கட்டினான். திரும்பி என் முகத்தைப் பார்த்து, செவிடனுக்கும் புரியும்படி வாயசைத்தான். “சாமி, இங்க எறங்கணுமா?”

“போ” என்றேன். அவன் போகவில்லை. இரண்டாம் முறை சொன்னபின்தான் போனான்.

நடுப்பாலத்தில் காவிரியைப் பார்த்தேன். நீர் நிறையப் போகிறது. இத்தனை ஆண்டாக மேலிருந்து பார்த்ததில்லை. கையெடுத்துக் கும்பிட்டேன். திரும்பிப் பார்க்கவில்லை, பார்த்தால் இறங்கிவிடுவேன் என்று எனக்குத் தெரியும்.

ஜெஸ்லின் இப்போது இந்த வழியே வந்தாள். நான் யாரென்று ஊகித்து, என் கையிலிருந்த எழுதுகோலை வாங்கி, “பாதி முடிஞ்சுது. நல்லா இருக்காங்க. உள்ள சத்தமா ஸ்லோகம் சொல்லிட்டிருக்காங்க” என்று இந்தத் தாளின் பின்பக்கத்தில் எழுதிவிட்டுப் போனாள். மீதிப் பாதிக்கு நான் என்ன செய்வதென்று கேட்க விட்டுப்போயிற்று.

நீ கண் தெளிந்ததும் இதைக் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். கோபம் இருந்தால் எழுதியனுப்பு. கீழேதான் இருக்கிறேன்.

சௌரிராஜன்


மேல்தளம்
வியாழன் மாலை

நமஸ்காரம்.

எழுத்துக் கோணல்மாணலாக இருக்கிறது. கையில் ஊசி. ஜாஹ்னவி எழுதித் தருகிறேன் என்றாள், வேண்டாமென்றேன்.

இடுப்புக்குக் கீழே இன்னும் என்னுடையதாக இல்லை. வலி பிறகு வருமாம். கோபமும் பிறகு வரும். இப்போது இரண்டும் மரத்திருக்கின்றன.

ஒன்று கேட்கிறேன். நாளைக் காலை என்னை நிற்க வைக்கப்போகிறார்கள். நான் முடியாது என்பேன். அழக்கூடச் செய்வேன். பாவம் விட்டுவிடுங்கள் என்று அவர்களிடம் நீங்கள் சொல்லக் கூடாது. உங்களால் ஆகுமா? யோசித்துச் சொல்லுங்கள். ஆகாதென்றால் ஜாஹ்னவியே நிற்கட்டும், குறையில்லை.

ஆகுமென்றால் அதை எழுதி அனுப்ப வேண்டாம். ஜாஹ்னவி கீழே வந்து காத்திருக்கிறாள், அவளுடைய இடத்தை உங்களுக்குத் தருகிறாள். மேலே வாருங்கள்.

பாமா